கூசாத வெளிச்சம்

மார்ச் 3, வெள்ளி

ட்ரையல் ஒன்று: ஜீரோ வாட் பல்பு. தோல்வி.

ட்ரையல் இரண்டு: அதே பல்பின் மேல் அக்காவின் பழைய பாவாடைத் துணி, இரண்டு மடிப்பு. தோல்வி.

ட்ரையல் மூன்று: சிவப்பு எல்.இ.டி., வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரோடு. தோல்வி. மாமா வாந்தி எடுத்துவிட்டார்.

கம்பெனியில் எந்த ட்ரையல் எடுத்தாலும் எழுதி வைப்பேன். எழுதாவிட்டால் செய்த தப்பையே திரும்பச் செய்வோம். அதனால் இதையும் எழுதுகிறேன்.

சிக்கல் இதுதான். என் அக்கா சுகந்தியின் வீட்டுக்காரர் சிகாமணி மாமாவுக்கு மூளையில் கட்டி. போன வருஷம் அறுத்து எடுத்தார்கள். திரும்ப வந்துவிட்டது. பார்வையில் குறையில்லை, ஆனால் வெளிச்சம் பட்டால் தலைக்குள் ஆணி இறங்குகிறதாம். பொங்கல் முடிந்ததிலிருந்து நடு அறையின் ஜன்னலில் கறுப்புப் போர்வை அடித்து, கதவைச் சாத்தி, பட்டப்பகலிலும் இருட்டில் படுத்திருக்கிறார். பழனி ரூட்டில் பஸ் ஓட்டிய ஆள்.

இன்று வாந்தியைத் துடைத்துவிட்டபோது சொன்னார்: "மாப்ள, உங்கக்கா மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு. சத்தம் மட்டுந்தான் வருது. ரேடியோ கூடக் குடும்பம் நடத்தறாப்புல இருக்குது."

"ரேடியோ வேளாவேளைக்குக் கஞ்சி காச்சித் தருமாக்கும்" என்றாள் அக்கா, இருட்டுக்குள்ளிருந்து.

"பாத்தியா, வால்யூமும் கொறைக்க முடியல. என்னமோ ஒரு லைட் பண்ணு மாப்ள. ஒருக்கா கண்ணால பாக்கோணும். படிச்சிருக்கீல்ல?"

படித்திருக்கிறேன். டூல் அண்ட் டை டிப்ளமோ. பம்ப் கம்பெனியில் சி.என்.சி. மெஷினுக்கு ப்ரோக்ராம் எழுதுகிறேன். ஒரு மனிதன் தாங்கக்கூடிய ஒரு விளக்கு என்னால் செய்ய முடியாதா?

மார்ச் 5, ஞாயிறு

வலி எப்படி இருக்கும் என்று விவரமாகச் சொல்லச் சொன்னேன். "எதுக்குடா அவரப் போட்டு நோண்டறே" என்றாள் அக்கா. டேட்டா இல்லாமல் டிசைன் இல்லை என்றேன்.

மாமா சொன்னார்: "எதிர்ல லாரிக்காரன் ஹைபீம் போட்டுட்டு வர்றானில்ல, அப்பிடி. நான் டிம் அடிச்சுக் காட்டறேன், அவன் அடிக்கவே மாட்டேங்கறான்." பிறகு அவராகவே, "எதிர்ல வர்ற ஆளுக்குக் கூசுதுன்னா நாமதான் மொதல்ல டிம் அடிக்கோணும் மாப்ள. அவன் அடிக்கறானா இல்லியான்னு பாத்துட்டு இருக்கக்கூடாது. புதுசா வர்ற டிரைவர் பசங்களுக்கு இது தெரியறதில்ல."

புரிந்தது. பிரச்சனை வெளிச்சத்தின் அளவு இல்லை; புள்ளி. எவ்வளவு குறைத்தாலும் பல்பு ஒரு புள்ளியாகத் தெரிகிறது. புள்ளி இல்லாத வெளிச்சம் வேண்டும். மரத்தைக் கடைந்து கடைந்து காகிதம் போல மெலிசாக்கினால் வெளிச்சம் மரத்துக்குள்ளேயே ஊறி வெளியே வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பல்பைச் சுற்றிய மரக்கூடு முழுக்க ஒரே நிறத்தில் கனன்றது. எங்கே பல்பு என்றே தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் என் லேத் இருக்கிறது, மரம் கடைகிற மெஷின், பழையதாக வாங்கியது. பொழுதுபோக்குக்கு. இதுவரை அதில் செய்தவை: இரண்டு பூரிக்கட்டை, நேராகச் சுற்றாத ஒரு பம்பரம்.

மார்ச் 8, புதன்

அக்காவும் நானும் மட்டும் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். இனி அறுக்க முடியாது, வீட்டிலேயே வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று நான் கேட்டேன். அக்கா என் கையைக் கிள்ளினாள். வெயில் காலம் தாண்டுவது கஷ்டம் என்றார்.

அக்கா வீட்டுக்குள் நுழைந்து, முகம் கழுவி, நடு அறைக்குள் போனாள். அடுத்த நிமிஷம் அவள் குரல்: "மாத்திரை நல்லா வேல செய்யுதாமுங்க. கட்டி சுருங்கிட்டு வருதாம். அடுத்த தைப்பூசத்துக்கு நீங்கதான் ஸ்பெஷல் வண்டி எடுக்கறீங்களாம், டாக்டரே சொல்றாருங்க."

வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் தப்பான ரீடிங் கொடுக்கிறாய் என்று.

"சரியான ரீடிங்க நீ உன்ர மெஷினுக்குக் குடு. இவர நான் பாத்துக்கறேன்."

மார்ச் 12, ஞாயிறு

ட்ரையல் நான்கு: தேக்கு. மூன்று மில்லிமீட்டர் வரை கொண்டுவந்தேன். உள்ளே பல்பைப் போட்டால் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. இன்னும் எடுத்தேன். உளி மாட்டி, கூடு பிய்ந்து கூரையில் அடித்தது. இரும்பு இப்படிச் செய்யாது.

தேக்கு கறுப்பு. வெள்ளை மரம் வேண்டும். மரக்கடையில் வெட்பாலை கிடைத்தது. பொம்மை கடைகிறவர்கள் வாங்குவார்களாம். பச்சையாக, கனமாக இருக்கிறது. காயவைக்க வேண்டும்.

மார்ச் 15, புதன்

அக்கா காலையிலேயே கிளம்பிப் போனாள். ஈரோட்டில் சித்தி மகளுக்கு வளைகாப்பு என்று மாமாவிடம் சொன்னாள். என்னிடமும் அதையே சொன்னாள். நான் லீவு போட்டு மாமாவைப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். முக்காட்டை எடுத்தாள். மொட்டை. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பழனிக்குப் போயிருக்கிறாள்.

இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. கல்யாணத்தில் பின்னல் வைத்த பெண்கள் அளந்து பார்த்துச் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாமா டெப்போவில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்த முடி.

முடியைக் கொடுத்தால் கட்டி வளராமல் நிற்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன்.

"மெதுவாப் பேசு" என்றாள். "அவருகிட்டச் சொல்லிராத கண்ணு. நான் சாமிகிட்டப் போய் நேந்துக்கறவ இல்லீன்னு அவருக்குத் தெரியும். குழந்தை இல்லீன்னு ஊரே கோயில் கோயிலாப் போகச் சொன்னப்பவும் போகாதவ. இப்ப மொட்டை அடிச்சிருக்கேன்னா, டாக்டரு என்ன சொல்லியிருப்பாருன்னு அவருக்கு உடனே தெரிஞ்சுபோயிரும்."

வழக்கமாக வாங்கும் மல்லிகைச் சரத்தைக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் சுற்றினாள்.

உள்ளே மாமா கேட்டார்: "என்ன பூடி இன்னிக்கு?"

"மல்லி. வளைகாப்பு வீட்ல குடுத்தாங்க."

"வாசம் பக்கத்துலயே வந்து நிக்குது."

மாமா சிரித்தார். அவளும் சிரித்தாள்.

மார்ச் 19, ஞாயிறு

ட்ரையல் ஐந்து: வெட்பாலை. கம்பெனியில் இரும்பைச் சூடேற்றும் ஹீட் ட்ரீட்மென்ட் அடுப்பில் நேற்று முழுக்கக் காயவைத்தேன். எடுத்தபோதே நடுவிலிருந்து விளிம்பு வரை நான்கு வெடிப்பு. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "என்னப்பா, கறி வறுக்கறியா?" என்றார்.

இரும்பைக் கடைகிறவன் ஈரத்தை எதிரியாகப் பார்ப்பான். நானும் அதையே செய்தேன். மரத்தில் கதை வேறு போல. பச்சையாகவே கடைய வேண்டும். கடைந்து முடிக்கும்வரை காயவே விடக்கூடாது.

அக்கா இப்போதெல்லாம் மாமா கையை நீட்டினால் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். "கையெல்லாம் மாவு", "எண்ணெய் வெச்சிருக்கேன்", ஏதாவது சொல்கிறாள். தினமும் ஒரு காரணம் தயார். ஸ்டாக் தீர்ந்தால் என்ன செய்வாளோ.

மார்ச் 26, ஞாயிறு

ட்ரையல் ஆறு. வேலை ஓடுகிறது.

வெளிப்பக்கத்தை முதலில் கடைந்துவிட்டு, கூட்டுக்கு வெளியே ஒட்டினாற்போல் ஒரு பல்பை நிறுத்தினேன். உள்ளே குடைய ஆரம்பித்தேன். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். சட்டையெல்லாம் மரத்துச் சாறு. ரொம்ப நேரம் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று உள்சுவரில் இரத்தச் சிவப்பாக ஒரு வட்டம் வந்தது. இன்னும் எடுத்தால் ஆரஞ்சு. வெர்னியர் தேவையில்லை. நிறமே அளவு. சிவப்பு என்றால் தடிமன், ஆரஞ்சு என்றால் நெருங்கிவிட்டோம், மஞ்சள் என்றால் நிறுத்து.

ஆரஞ்சில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. வரவேயில்லை. கூட்டைக் கொல்லையில் இருக்கும் தண்ணீர் டிரம்மில் அமுக்கி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தேன். யாரும் டிரம்மைத் தொடாதீர்கள் என்று சொன்னேன். யாரும் என்றால், வீட்டில் அக்காதான்.

"முடியப் போகுதா?" என்றாள்.

"நாளைக்கு."

"அவ்வளவு சீக்கிரமா" என்றாள்.

மார்ச் 27, திங்கள்

ஷிஃப்ட் முடிந்து வந்தேன். டிரம் காலி. கூடு மொட்டை மாடியில், வெயிலில், துணிகளுக்கு நடுவே கிடந்தது. இரண்டு துண்டு.

"போர்வை ஊறவைக்கோணும்னு எடுத்து வெச்சேன்டா. திரும்பப் போட மறந்துட்டேன்."

போர்வை எதுவும் கொடியில் இல்லை. சொன்னேன். நீ வேண்டுமென்றே செய்தாய் என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் துவைக்கிற கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கொஞ்சம் வளரட்டும்டா. ஒரு கிராப்பு அளவுக்காச்சும் வரட்டும். பேன் தொல்லைன்னு வெட்டிக்கிட்டேன்னு சொல்லிக்குவேன். மொட்டைக்கு என்னத்தச் சொல்றது?"

முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். கிராப்புக்கு ஐந்து மாதம் வேண்டும். டாக்டர் சொன்னது வெயில் காலம். "உன் முடி வர்றதுக்குள்ள அவர் இருக்கமாட்டார்" என்றேன். கணக்கு அதுதான். வேறு எப்படிச் சொல்வது?

அவள் உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம். புது டிரைவர் ஒட்டன்சத்திரத்தில் பஸ்ஸை டீக்கடைக்குள் விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சம்பவம் நடக்கவேயில்லை. கஞ்சி கொடுக்கக் கதவைக் கொஞ்சம் திறந்தேன். மாமாவுக்குப் படாமல் ஒரு கீற்று வெளிச்சம் அவள் முகத்தில் மட்டும் விழுந்தது. வாய் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

சிரிக்கும்போது சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வரும்.

கதவைச் சாத்திவிட்டேன்.

மார்ச் 30, வியாழன்

"என்ன மாப்ள, லைட் எப்ப?"

"ஞாயித்துக்கிழமை மாமா."

"எந்த ஞாயித்துக்கிழமைன்னு சொல்லலியே. உன்ர டெலிவரிய நம்பி எங்கம்பெனி பஸ்ஸு வாங்கியிருந்தா, ஜனம் இன்னும் நடந்துதான் பழனி போவோணும்."

பேச்சு குழறுகிறது. வலது கையால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

ட்ரையல் ஏழு.

காலையில் லேத்தில் ஏற்றியதை இறக்காமல் முடித்தேன். சாப்பிடவில்லை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். மஞ்சளில் உளியை எடுத்துவிட்டேன். இன்னும் ஒரு இழை எடுக்கக் கை துடித்தது. எடுக்கவில்லை. இந்த வாரம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

லேத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்தால் எடையே தெரியவில்லை. மீதிக் கட்டையில் அடிப்பீடம் ஒன்று கடைந்து, பல்பையும் டிம்மரையும் பொருத்தினேன். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன். புள்ளி இல்லை. ஓரம் இல்லை. மரத்தின் வரிகள் மட்டும், உள்ளங்கையை டார்ச் மேல் வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி.

ஏப்ரல் 3, திங்கள்

காயக் காயக் கூடு நீள்வட்டமாகிவிட்டது. கம்பெனியில் இப்படி ஒன்று வந்தால் ஸ்கிராப்பில் போடுவேன். ஆனால் வெடிக்கவில்லை. போதும்.

அக்கா கொட்டகை வாசலில் வந்து நின்று பார்த்தாள். எரிகிறதா என்று கேட்கவில்லை.

"புதன்கிழமை நான் லீவு. அன்னிக்கு வைக்கிறேன்" என்றேன். "முக்காடு போட்டுக்க."

"எதுக்கு முக்காடுன்னு கேப்பாரே."

"அதுக்கும் ஒரு கதை சொல்லு. உனக்கா வராது?"

ஏப்ரல் 5, புதன்

ட்ரையல் ஏழு, முடிவு: தோல்வி.

மேலே இருப்பது நான் எழுத ஒப்புக்கொண்டது. கீழே இருப்பது நடந்தது.

மத்தியானம் விளக்கை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். அக்கா கட்டிலுக்குக் கீழே பாயில் தூங்கிவிட்டிருந்தாள். மூச்சிலிருந்து தெரிந்தது. நேற்றும் முந்தாநாளும் அவள் தூங்கவில்லை.

"தூங்கறாளா?" மாமா கிசுகிசுத்தார்.

"ம்."

"லைட்டா அது?"

"ஆமா. அக்கா எந்திரிக்கட்டும் மாமா."

"எந்திரிச்சான்னா காட்டமாட்டா. கை நீட்டினாத் தலைய ஒளிச்சுக்கறா. கிட்ட வாடின்னா பூ மட்டுந்தான் கிட்ட வருது. என்னமோ இருக்குது மாப்ள. இப்பவே போடு."

நான் மறுத்திருக்கலாம். எனக்கு ரிசல்ட் வேண்டும். இத்தனை வாரமாக அதற்குத்தான் செத்தேன். ப்ளக்கைச் சொருகி டிம்மரை மெல்லத் திருகினேன்.

மாமா கண்ணை இறுக்கி மூடியிருந்தார். கொஞ்சம் திறந்தார். இன்னும் கொஞ்சம்.

"வலிக்குதா?"

"இல்ல." குரலில் ஆச்சரியம். "இல்லியே மாப்ள."

நான் அவர் கண்ணிமையை, நெற்றியை, விரல்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். எந்த நடுக்கமும் இல்லை. பாஸ் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் அவர் விளக்கைப் பார்க்கவில்லை என்று உறைத்தது.

அக்கா சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று முக்காடு போட்டிருக்கவில்லை. மண்டையில் நரையும் கறுப்புமாகத் துளிர்விட்ட முடி. கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நான் தினமும் பார்க்கிற முகம்தான். அவர் பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்கே யாரோ போல இருந்தாள்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"பழனியா?"

"ம்."

"டாக்டரு கைய விரிச்சுட்டாராட்ட இருக்குது."

நான் எதையும் உள்ளபடி சொல்கிறவன். பதில் சொல்லவில்லை.

"மண்டை நல்ல ஷேப்பா இருக்குதடா. இத்தன வருஷம் முடிக்குள்ள மறைச்சு வெச்சிருந்திருக்கா பாரு." சிரிக்கப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் போனது. அப்புறமும் பார்த்துக்கொண்டிருந்தார். "போதும் மாப்ள. டிம் அடி."

குறைத்தேன்.

"முழுசா."

அணைத்தேன். இருட்டில் அவர் குரல் மட்டும். "லைட் சரிப்படலைன்னு சொல்லிரு."

"சரிப்பட்டுச்சே மாமா. உங்களுக்கு வலிக்கவே இல்லியே."

"ஃபெயில்னு எழுதிக்க. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா அவ பேச்சு நின்னுபோயிரும். அப்பறம் இந்த இருட்டுல ரெண்டு பேரும் என்ன பண்ணுவோம்?"

சாயங்காலம் சமையலறையில் அக்காவிடம் சொன்னேன். போட்டுப் பார்த்தேன், நீ தூங்கிக்கொண்டிருந்தாய், மாமா கண்ணைத் திறக்கவே முடியவில்லை, டிசைன் தப்பு.

அவள் தோள் இறங்கியது. இத்தனை நாளாக அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது இறங்கியபோதுதான் தெரிந்தது. என் தலையைத் தடவினாள். "போகட்டும் விடு கண்ணு. உனக்கு மரம் புதுசுதான். இரும்புன்னா பண்ணியிருப்பே."

"ஆமா" என்றேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

மாமாவுக்கு இடது பக்கக் காது மட்டும்தான் கேட்கிறது. பேசுவதில் பாதி புரிவதில்லை. அக்காவுக்குப் புரிகிறது. நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். லேத் பக்கம் போகப் பிடிக்கவில்லை.

அவள் அடுத்த தைப்பூசத்துக்கு எந்த ஊரில் நிறுத்தி என்ன சாப்பிடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"பின்னல... எடுத்து... முன்னால போட்டுக்கடி. கட்டில் காலுல... மாட்டிக்கப் போவுது."

பாய் சரசரத்தது.

"போட்டுக்கிட்டேனுங்க" என்றாள்.

ஏப்ரல் 19, புதன்

மாமா காலையில் போய்விட்டார். ஜன்னல் போர்வையை நான்தான் கழற்றினேன். அறை இவ்வளவு சின்னது என்று மறந்துபோயிருந்தது.

கடைசியாக ஒரு முறை அக்காவுக்குப் பூ வைக்க வந்த பெண்கள், எதில் வைப்பது என்று தெரியாமல் சரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா அதை வாங்கிக் கட்டில் கம்பியில் சுற்றினாள்.

மே 7, ஞாயிறு

கொட்டகையைக் காலி செய்தேன். லேத்தைக் கேட்டு ஒருவர் வந்தார். கொடுத்துவிட்டேன்.

அக்கா கூட்ட வந்தாள். மூலையில், சாக்குக்கு அடியில் விளக்கைப் பார்த்தாள். ஊதித் தூசியைத் தட்டினாள்.

"இதுதானா அது? கோணையா இருக்குதேடா."

"காயும்போது அப்படி ஆயிருச்சு."

நான் தடுப்பதற்குள் ப்ளக்கைச் சொருகிவிட்டாள். கொட்டகைக் கதவு பாதிதான் திறந்திருந்தது. உள்ளே போதுமான இருட்டு. கூடு கனன்றது. அவள் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள். இன்னும் கிட்டத்தில். கண்ணைச் சிமிட்டவேயில்லை.

"இது கூசவே இல்லியேடா."

நான் லேத்துக்குப் போட்டிருந்த வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"கூசவே இல்லியே" என்றாள் மறுபடியும். அப்புறம் அவள் குரல் மாறியது. கதை சொல்லும் குரல் இல்லை. "பாத்துட்டாரா?"

பொய் சொல்ல நினைத்தேன். எனக்கு அது வராது; ஒரு தடவை சொன்னதே ஜாஸ்தி.

"ஆமா."

"முக்காடு போட்டிருந்தனா அப்ப?"

"இல்ல."

அவள் கை தலைக்குப் போனது. அங்கே ஓர் அங்குலம் இருந்தது, அதுவும் பாதி நரை. கை அங்கேயே நின்றது. பின்னல முன்னால போட்டுக்கடி என்று அவர் சொன்னது அவளுக்கு இப்போதுதான் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். எனக்கும் கேட்டது.

"என்ன சொன்னாரு?"

"டிம் அடிக்கச் சொன்னாரு" என்றேன்.

அவள் டிம்மரைத் தேடினாள். எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கூட்டைச் சுற்றி விரலால் தடவித் தடவித் தேடிக்கொண்டே இருந்தாள். நான் காட்டிக் கொடுக்கவில்லை.